ஒன்பதாவது நோட்டு

இருபத்து மூன்று நாட்களில் அஞ்சனா ஒன்பது பாக்கெட் நோட்டுப் புத்தகங்கள் வாங்கியிருந்தாள். அப்பா அவற்றில் எட்டைத்தான் பார்த்திருந்தார்.

அந்த எட்டும் தேறவில்லை. சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மா சீதாலக்ஷ்மி அந்த அடுக்கின்மேல் ரசப் பாத்திரத்தை இறக்கிவைக்கப் பழகிவிட்டாள். ஒன்பதாவது நோட்டு அஞ்சனாவின் கைப்பையில், மடித்த லேப் கோட்டுக்கு அடியில், ஒரு வாரமாக இருந்தது. தேறியது அது ஒன்றுதான். அதனால்தான் அதை அவள் வெளியே எடுக்கவில்லை.

எல்லாம் ஒரு போன் அழைப்பில் தொடங்கியது. அப்பா வெங்கிடராமன் போனைக் காதில் வைத்துப் பேசமாட்டார். ஸ்பீக்கரில் போட்டு, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுப் பேசுவார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அவர் எல்லோருக்கும் வெங்கிட்டு. முப்பத்தொரு வருஷமாக மிளகுக்குத் தரம் பார்க்கிறவர். அன்று அழைத்தவன் சுதர்ஷன். மிளகு வாங்கிக் கப்பலில் அனுப்புகிற ஓர் ஆபீஸில் கொள்முதல் அவன் பொறுப்பு. சரக்கை அவன் கண்ணால் பார்ப்பதில்லை. வெங்கிட்டு கிடங்கு கிடங்காகப் போய்ப் பார்த்து, நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அதை நம்பித்தான் லாரி ஏறும்.

"மாமா, நேத்து அனுப்பின போட்டோ நோட்டா, எறும்பு போன தடமா?"

"என்னடா சொல்றே?"

"எழுத்து படிக்க முடியலை. ஜூம் பண்ணினா எறும்பு பெரிசாறது, எழுத்து ஆகலை."

அப்பா சிரித்தார். "மழைக்காலமாச்சேடா. பேப்பர் நமுத்துப்போய் மை ஊறறது."

"போன வாரமும் இதேதான் சொன்னேள். ஈரம் பதினொண்ணுன்னு நீங்க எழுதினதை இங்க பதினேழுன்னு படிச்சு ஒரு லாட்டையே வேண்டாம்னுட்டா. அந்தக் கிடங்குக்காரர் என்னைப் பிடிச்சு உலுக்கிட்டார். பேசாம ஒரு டேப்லட் வாங்கித் தரேன் மாமா. அதுல தட்டிடுங்கோ."

"தட்டறதுக்கு எனக்கு விரல் வழங்காது. பேனாதான் வழங்கும்."

"அப்போ எழுதறதுக்கு வேற ஆளைப் போடவேண்டி வரும். ஆபீஸ்ல கேக்கறா. நான் சொல்றதா நெனைக்காதேங்கோ."

அப்பா சட்னியில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். "கர்க்கடக மழை முடியட்டும்டா. அதுக்குள்ள நல்ல பேப்பர் பாத்துடறேன்."

போன் அணைந்ததும் அம்மா சொன்னாள்: "ஊர் உலகமெல்லாம் பத்து ரூபாய் பால் பேனாவுல எழுதறது. இவருக்கு மட்டும் மசி ஊத்தி எழுதினாத்தான் ஆகும்."

"அமுக்கினாத்தான் அது எழுதும்டீ. உள்ளங்கையில நோட்டை வெச்சிண்டு நின்னபடிக்கு நான் எங்க அமுக்கறது? இது தொட்டாப் போறும், ஓடும்."

அது உண்மைதான். கிடங்கில் மேஜை கிடையாது. இடது உள்ளங்கையில் நோட்டு, வலது கையில் கறுப்பு எபனைட் பேனா. எண்களை இங்கிலீஷில் எழுதுவார். குறிப்புகளை எழுதுவது மலையாளத்தில். பேசுவது தமிழ் என்றாலும் பள்ளிக்கூடத்தில் கையில் ஏறியது மலையாளம்தான், அஞ்சனாவுக்கும் அப்படியே. மலையாள எழுத்து சுழி சுழியாக இருக்கும். மட்டமான காகிதத்தில் மை பரவினால் சுழியெல்லாம் அடைபட்டு, ஒவ்வோர் எழுத்தும் ஒரு புள்ளியாகிவிடும். ஆகவே அப்பா காகிதத்தைக் குற்றம் சொன்னதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்பா அஞ்சனாவின் பக்கம் திரும்பினார். "நீ கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே. மை ஊறாத பேப்பர்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

"இருக்கும்ப்பா."

"பாக்கெட்டுல அடங்கற சைஸுல ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடு."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஏலூரில் ஒரு சின்ன பரிசோதனைக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அவள் படித்த படிப்பை வைத்து அப்பா அவளிடம் ஒன்று கேட்டது அதுவே முதல்தடவை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள் அவள். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால்கூட முன்னால் நிற்பவர் நகர்வதற்காகக் காத்திருந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவாள். ஆனால் ஒரு வேலையைக் கொடுத்தால் முறையாகச் செய்வாள்.

முறையாகவே செய்தாள். நோட்டு கிடைத்ததும் கடைசித் தாளில் ஒரு கோடு, ஒரு சுழி, ஒரு சொட்டு மை. கோட்டின் ஓரம் மயிர் மயிராகப் பிரிகிறதா, சுழி அடைபடுகிறதா, சொட்டு பின்பக்கம் தெரிகிறதா, காய எத்தனை வினாடி. நான்கையும் ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டாள். முதல் நோட்டு எறணாகுளம் பிராட்வேயில் வாங்கியது. சொட்டு மூன்று தாளைத் தாண்டி இறங்கியது. இரண்டாவதற்குத் தோல் அட்டை, பட்டு நாடா. முன்பக்கம் அழகாக எழுதியது, பின்பக்கம் அத்தனையும் தெரிந்தது. மூன்றாவதை ஆலுவாவில் ரயில் ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் பிடித்தாள். வழுவழுவென்ற தாள். மை ஊறவே இல்லை. காயவும் இல்லை. அப்பாவின் உள்ளங்கை முழுக்க நீலமாகிவிட்டது.

"கைரேகை நன்னா விழுந்திருக்கு," என்றார் அப்பா. "ஜோசியர்கிட்ட அனுப்பலாம், சுதர்ஷனுக்கு அனுப்ப முடியாது."

நாலாவது வைப்பின் தீவில் கிடைத்தது. அங்கே ஒரு ஸ்டேஷனரிக் கடையில் பழைய சரக்கு இருக்கிறது என்று லேபில் ஒருத்தி சொல்லிப் போனாள். திரும்பும்போது படகில் பக்கத்தில் மழையில் நனைந்த ஒரு கூடை கருவாடு. படகு ஆடியதில் கூடை சாய்ந்து, அதிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் பையை நனைத்தது. கூடைக்காரச் சேச்சி வருத்தப்பட்டு அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அஞ்சனா அதை வாங்கிச் சாப்பிட்டாள்.

நோட்டு வீட்டுக்குள் வந்ததுமே அம்மா அடுக்களையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னடி இது, மீன் மார்க்கெட்டைப் பையில போட்டுண்டு வந்தியா?"

"நோட்டும்மா."

"அதைக் கொண்டுபோய் வெளியில வை. அக்ரமமா இருக்கே."

அதற்குள் அப்பா நோட்டைக் கையில் எடுத்துவிட்டார். எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அதை மூக்குக்குக் கொண்டுபோவது அவருடைய தொழில் பழக்கம். தாளைப் புரட்டி, மூக்கருகே வைத்து, நன்றாக இழுத்தார்.

"புதுப் பேப்பர் மணம். பலே."

அம்மா சுவரில் சாய்ந்து சிரித்தாள். "கருவாட்டு மணமாக்கும் அது. உங்க குசும்புக்கு ஒரு அளவே இல்லை."

அப்பா ஒரு கணம் அம்மாவையே பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "மீனெண்ணெய் கண்ணுக்கு நல்லதாம்டீ. படிக்கிறவனுக்கு உபயோகப்படும்."

அந்த நோட்டிலும் மை பரவியது. ஐந்தும் ஆறும் ஏழும் எட்டும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரே வரியைத்தான் எழுதிப் பார்ப்பார்: பெயர், மட்டாஞ்சேரி, நல்லமிளகு, ஈரம் 11. எழுதிவிட்டுத் தலையை ஆட்டுவார். "இது இல்லை." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏமாற்றத்தைவிட ஏதோ நிம்மதி இருப்பதுபோல் அஞ்சனாவுக்குத் தோன்றியது. தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டாள்.

பதினாலாம் நாள் சனிக்கிழமை. அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுக்க அஞ்சனா கிடங்குக்குப் போனாள். வாசலில் மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே நாற்பது மூட்டை மிளகு, அப்பா, ஒச்சப்பன். ஒச்சப்பனுக்கு உசிலம்பட்டிப் பக்கம். இங்கே மூட்டை தூக்க வந்து இருபது வருஷம். அதில் பாதிக்குமேல் அப்பாவோடுதான். ஒச்சப்பன் மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் சரித்தார். தேய்த்தார். முதலில் தான் மோந்து பார்த்தார்.

"சுத்தம் சாமி."

பிறகு அப்பா மோந்து பார்த்து, இரண்டு மணியைக் கடித்து, நோட்டில் எழுதினார். அடுத்த மூட்டையில் ஒச்சப்பன் ஒன்றும் சொல்லவில்லை. லேசாகத் தொண்டையைச் செருமினார். அப்பா அந்தப் பிடியை மூக்கருகே கொண்டுபோனார். "பூப்பல் மணம், பூஞ்சை பிடிச்சிருக்கு. தள்ளி வை."

"ஒச்சப்பன் மாமாவும் தரம் பாக்கக் கத்துண்டாச்சா?" என்று அஞ்சனா கேட்டாள்.

"எனக்கெதுக்குப் பாப்பா அதெல்லாம்? மூக்கு சும்மாதான இருக்கு," என்றார் ஒச்சப்பன். அப்பா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பார்த்து முடிந்த மூட்டைகளில் அப்பா கறுப்புச் சாயத்தைப் பிரஷ்ஷில் தொட்டு அடையாளம் போட்டார். அஞ்சனா கண்ணாடியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் மூலையில் மூட்டைகளை அடுக்கிய வேறோர் அட்டியைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சரக்கு, விலை ஏறட்டும் என்று சொந்தக்காரர் வைத்திருப்பது. அந்தச் சாக்குகளிலும் அப்பாவின் அடையாளம்தான். ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலம். இந்தப் பக்கம் ஈரம் காயாத புது எழுத்துகள் தீப்பெட்டி அளவில் இருந்தன. ஒரு சாக்கில் முதல் எழுத்து தீப்பெட்டி, கடைசி எழுத்து பொத்தான்.

சாக்கில் மை ஊறியது என்று சொல்ல முடியாது. அங்கே காகிதமே இல்லை.

அவள் நேரே வீட்டுக்கு வந்தாள். பரணில் தகரப் பெட்டியில் அப்பாவின் பழைய நோட்டுகள் இருந்தன. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே மலிவான நோட்டு. வருஷா வருஷம் அதே சொரசொரப்பான தாள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு வருஷம் முன்பு எழுத்தின் உயரம் நாலரை மில்லிமீட்டர். மூன்று வருஷம் முன்பு மூன்றரை. போன வருஷம் இரண்டரை. இந்த மாதம் ஒன்றரை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மை பரவித்தான் இருந்தது. ஆனால் பெரிய எழுத்தில் பரவினால் படிக்க முடிந்தது.

மறுநாள் காலை அப்பா தெருவில் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். இடது கை வீசி நடந்தது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு, யாருடைய பையையோ தூக்கிக்கொண்டு போவதுபோல் அசையாமல் இருந்தது. அது எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தினம் பார்க்கிற ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

போனில் தேடினாள். எழுத்து சிறுத்துக்கொண்டே போவது, ஒரு கை வீசாதது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் பார்க்கின்சன் என்று வந்தது. அறிகுறிகளின் பட்டியல் நீளமாக இருந்தது. இரண்டு வரிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. நரம்பு டாக்டர் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், மருந்து உண்டு, சும்மா விடக்கூடாது என்பதை மட்டும் கீழே தள்ளிப் படித்துவிட்டு மூடினாள்.

சொல்லவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைப் படகில் நின்றுகொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் 'அப்பா' என்ற முதல் சொல்லோடு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் யூசுப் இக்கா கூப்பிட்டார். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் பைண்டிங் கடை வைத்திருப்பவர். பத்து நாளைக்கு முன்னால் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்போது அவர் அவளுடைய சொட்டு, சுழி, வினாடிக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, "இம்புட்டுக் கஷ்டம் எதுக்கு மோளே?" என்று ஒரு தாளின் மூலையை நாக்கில் தொட்டுக் காட்டினார். "எச்சி பின்பக்கம் வந்தா மையும் வரும். எங்க லேப் இதான். கரண்டு வேண்டாம்."

பதினாறாம் நாள் சாயந்திரம் அவள் போனபோது நோட்டு தயாராக இருந்தது. கறுப்பு அட்டை, உள்ளங்கை அளவு, மூலைகள் உருட்டியது. "ஒரு கப்பல் ஏஜன்சிக்கு ரெஜிஸ்டர் போட வாங்கின பேப்பர். பாதி வேலையில அவுக கம்ப்யூட்டருக்குப் போயிட்டாக. ஒன்றரை ரீம் பரண்ல கெடந்துச்சு. நக்கிப் பாக்கறியா?"

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். கோடு கத்தியால் கீறினதுபோல் விழுந்தது. சுழி திறந்தே இருந்தது. சொட்டு மேலேயே நின்று பதினொரு வினாடியில் காய்ந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காகிதம் நன்றாக இருப்பதற்காக அழுகிற பெண்ணை யூசுப் இக்கா அதுவரை பார்த்ததில்லை. கடைக்காரர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

"பிடிக்கலைன்னா மாத்திக் கட்டித் தரேன் மோளே. அட்டை கலர் வேணும்னா பச்சையாப் போடலாம்."

"இல்லை இக்கா. இது சரியா இருக்கு."

அன்றைக்கு அது பைக்குள் போனது. இதை அப்பாவிடம் கொடுத்தால் அவர் எழுதிப் பார்ப்பார். எழுத்து தெளிவாக விழும், ஒன்றரை மில்லிமீட்டரில். அதற்குமேல் குற்றம் சொல்ல அவருக்கு எதுவும் மிச்சமிருக்காது. ஒரு மனிதரிடமிருந்து அதைப் பிடுங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னைக்கு ஏதாவது ஆப்ட்டுதோ?" என்று அப்பா தினம் சாயந்திரம் கேட்டார்.

"இல்லைப்பா."

"ஷெரி. கொழப்பம் இல்லை. மெதுவாத் தேடு, கேட்டியா."

சுதர்ஷனிடமும் அதையேதான் சொன்னார், ஸ்பீக்கரில். "என் பொண்ணு தேடிண்டிருக்காடா. சயன்ஸ் படிச்சவ. பேப்பர் வந்துட்டா எல்லாம் ஷெரியாயிடும்." அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை அவள் படகுத்துறைக்குப் போனபோது ஒச்சப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தார். மழையில் தலையில் பிளாஸ்டிக் பை. அவர் படகில் போகிறவர் அல்ல.

"பாப்பா, காகிதம் கெடச்சுதா?"

"ஏன் மாமா?"

"நேத்து அட்டி மேல ஏணி போட்டு ஏறுனாரு. கால் எழும்பல. ரெண்டாவது படியில அப்பிடியே ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் பின்னாடி நின்னதால தாங்கிப் பிடிச்சேன். பேப்பர் கெடைக்கட்டும்டா, எல்லாம் சரியாப் போகும்ங்கிறாரு. காகிதத்துக்கும் காலுக்கும் என்ன பாப்பா சம்பந்தம்?"

அஞ்சனா கைப்பையை மழைக்கு மறைவாக இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுல சொன்னாரா?"

"இல்லை."

"சொல்லமாட்டாரு. இன்னொண்ணும் இருக்கு. அத யாருட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அத அவருதான் சொல்லணும்." ஒச்சப்பன் தலையிலிருந்த பையைச் சரி செய்துகொண்டார். "நீ கேளு பாப்பா. நீ பேசாத புள்ள. நீ கேட்டா அவரு பொய் சொல்லமாட்டாரு."

படகு வந்தது. அஞ்சனா ஏறினாள். அன்று ஏலூரில் ஒரே தண்ணீரை மூன்று தடவை சோதித்தாள்.

சாயந்திரம் அப்பா அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தார். சட்டைக்குப் பதிலாகப் பனியன் போட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாகவே வந்த உடனே சட்டையைக் கழற்றிவிடுகிறார். பட்டன் போடுவதும் கழற்றுவதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. அம்மா அரிசி உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஏதாவது ஆப்ட்டுதோ?"

அஞ்சனா பையைத் திறந்தாள். லேப் கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டாள். நோட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா எடுத்தார். அட்டையைத் தடவினார். மூக்கை நோக்கிக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக் கீழே வைத்தார். பேனா மூடியைத் திருகித் திறந்தார். வழக்கமான வரியை எழுதினார்.

மை ஓடியது. பரவவில்லை. சுழியெல்லாம் திறந்திருந்தன. தாளைத் திருப்பி விளக்குக்கு எதிரே பிடித்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

கரண்டியோடு எட்டிப் பார்த்த அம்மா, "பேஷ். கிடைச்சுடுத்தே," என்றாள்.

அப்பா இரண்டாவது வரி எழுதினார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் இழுத்துப் பெரிதாக்கி. பெயரின் முதல் எழுத்து கடலை அளவில் விழுந்தது. மட்டாஞ்சேரிக்கு வரும்போது உளுந்து. ஈரம் என்று முடிக்கையில் கடுகு. மூன்றாவது வரியும் எழுதினார். அதுவும் அப்படியே சரிந்தது. மூன்று வரிகளும் அச்சடித்ததுபோல் தெளிவாக இருந்தன.

பேனாவை மூடினார். மரை பிடிக்க மூன்று தடவை திருக வேண்டியிருந்தது.

"எப்போ வாங்கினே இதை?"

"ஒரு வாரமாச்சு."

"ஒரு வாரமாப் பையில வெச்சிண்டிருந்தியா?"

"ஆமாம்."

"தினம் நான் கேட்டேனே."

அவள் ரசப் பாத்திரத்தின் வட்டம் பதிந்திருந்த எட்டு நோட்டுகளைப் பார்த்தாள். மழைக்கு ஓட்டிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார்.

"நீ டெஸ்ட் எல்லாம் பண்ணினவ. ரிசல்ட்டைச் சொல்லு. பேப்பரா?"

'அப்பா' என்ற சொல்லை அவள் இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொண்டாள்.

"பேப்பர் இல்லை. கைதான், அப்பா."

அம்மாவின் கரண்டி நின்றது.

"பழைய நோட்டெல்லாம் எடுத்து அளந்து பாத்தேன். சாக்குல எழுதினதையும் பாத்தேன். நடக்கறப்போ வலது கை வீசறதில்லை. நேத்து ஏணியில என்ன ஆச்சுன்னு தெரியும்." இத்தனை வாக்கியங்களை அவள் ஒரே மூச்சில் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "நரம்பு டாக்டரைப் பாக்கணும். என்னன்னு அவர்தான் சொல்லணும். நான் நினைக்கிறதா இருந்தா அதுக்கு மருந்து இருக்கு. புதன்கிழமைக்கு லீவு சொல்லியாச்சு. நானும் வரேன்."

"என்ன ஏணி?" என்றாள் அம்மா. "யாரு கீழ விழுந்தா?"

"யாரும் விழலை," என்றார் அப்பா. "ஒச்சப்பன் பிடிச்சிண்டான்." வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, வேறு யாருடையதோ என்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புமா அடிப்பிடிக்கிற வாசனை வந்து, அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவர் அசையவில்லை.

பிறகு புது நோட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"சீதா, இதுக்கு என்ன மணம்?"

"இப்ப இது என்ன கேள்வி?"

"சொல்லேன்."

அம்மா நோட்டை முகத்தருகே பிடித்தாள். "பசை மணம். அவ கோட்டு சோப்பு மணம். அப்புறம் கொஞ்சம் கிராம்பு மாதிரி. பஜார்ல கிடந்தது இல்லையா, எல்லாத்துலயும்தான் அது ஏறிடும்."

"கிராம்பா?"

"நன்னாத் தெரியறதே. ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

அப்பா நோட்டைத் திருப்பி வாங்கி, மூடி, மற்ற எட்டின்மேல் வைக்காமல் தனியாக வைத்தார்.

"டாக்டர்கிட்ட கையை மட்டும் சொன்னாப் போறாது, அஞ்சனா," என்றார். "மூக்கையும் சொல்லணும். ரெண்டு வருஷமா எனக்கு ஒரு மணமும் தெரியலை."